கொடியைத் தூக்கினதும் நான், அப்பீல் போட்டதும் நான்

போன வாரம் ஒரு மேடம் போன் பண்ணாங்க. பூந்தமல்லி பக்கம் ஒரு காலேஜ்ல புதுசா உடற்கல்வி இயக்குநரா சேர்ந்திருக்காங்க. வயசுல என் பொண்ணைவிடச் சின்னவங்க. "சார், நாளைக்கு தடகள மீட்ல என்னை வளைவுல அம்பயரா போட்டுட்டாங்க. அதே ரேஸ்ல எங்க காலேஜ் பொண்ணும் ஓடுது. நான் என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நில்லுங்க, அவ்வளவுதான்"னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

வெச்சப்புறம் யோசிச்சா, நான் சொன்னது ஒரு பதிலே இல்ல. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னதாலதான் எனக்கு ஒரு வம்பு வந்துச்சு. அதை அந்த மேடத்துக்குச் சொல்லியிருக்கணும். சரி, சொல்றதுன்னு ஆச்சு, இப்பத்தான் விசிலைக் கழுத்துல மாட்டியிருக்கிற உங்க எல்லாருக்குமே சொல்லிடறேன். பேர்களை மட்டும் மாத்தியிருக்கேன்.

நம்ம தொழில்ல இருக்கிற ஒரு கூத்து வெளி ஆளுங்களுக்குத் தெரியாது. காலேஜ்களுக்கு நடுவுல நடக்கிற போட்டிக்கு நடுவர்கள் தனியா எங்கிருந்தோ வர்றதில்ல. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வர்ற நம்மளையே பிடிச்சு ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு கைப்பட்டை, ஒரு கொடி கொடுத்து நிக்க வெச்சிடுவாங்க. காலையில பஸ்ல பிள்ளைகளுக்கு இட்லி கொடுத்த அதே ஆளு, பத்து மணிக்கு அவங்களுக்கே நடுவர். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மறுபடியும் அவங்க கோச். இதை யாரும் தப்பா நினைக்கிறதில்ல. ஆளு பத்தாது, அதான் விஷயம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஓரளவுக்கு எல்லாரும் ஒழுங்காத்தான் நடந்துக்குவாங்க. அந்த 'ஓரளவுக்கு' எங்க போய் முடியுதுங்கறதுதான் பிரச்சனை.

நான் ஓய்வு பெறுறதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி நடந்தது. மோனிஷான்னு ஒரு பொண்ணு, எங்க காலேஜ்ல கடைசி வருஷம். நானூறு மீட்டர் ஓடுறவ. அண்ணனூர்ல ரயில்வே ஷெட் பக்கம் வாடகை வீடு. அப்பா இல்ல. அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு ரெடிமேட் துணி கம்பெனில தையல் வேலை. அந்தம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. பொண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரு அரசாங்க வேலை கிடைக்கணும். அதுக்கு விண்ணப்பம் போடணும்னாலே பல்கலைக்கழக அணியில ஓடின சர்டிபிகேட் வேணும். அணிக்குள்ள போகணும்னா இந்த மீட்ல முதல் ரெண்டு இடத்துல ஒன்னு வாங்கணும். போன வருஷம் காய்ச்சல்ல விழுந்து விட்டுட்டா. அடுத்த வருஷம்னு ஒன்னு அவளுக்குக் கிடையாது. இந்த ஒரு ஓட்டம்தான் மிச்சம்.

மீட் ஆவடி பக்கம் ஒரு சிந்தடிக் டிராக்ல. தலைமை அம்பயர் எனக்கு ரொம்ப வருஷ சிநேகிதர், அவரும் ஒரு காலேஜ் உடற்கல்வி இயக்குநர்தான். எனக்கு ரெண்டாவது வளைவைக் கொடுத்தார். அதாவது, ஓடுறவங்க மூச்சு வாங்கி, கால் கனத்துப் போய், கடைசி நேர் ஓட்டத்துக்குத் திரும்புற இடம். பொண்ணுங்க நானூறு மீட்டர் பைனல் வந்ததும் நான் போய் அவர்கிட்ட, "இதுல என் காலேஜ் பொண்ணு ஓடுறா, என்னை வேற எங்கயாவது மாத்திடுங்க"ன்னு கேட்டேன்.

"யாரோட பொண்ணுய்யா ஓடல?"ன்னார். "இங்க கொடி பிடிச்சு நிக்கிற அத்தனை பேரோட பொண்ணும் ஓடுது. உன்னை மாத்தினா அடுத்தவன் வந்து நிப்பான், 'என்னையும் மாத்து'ன்னு. நான் எங்க போய் ஆள் பிடிக்கிறது? போய் நில்லு."

போய் நின்னேன்.

விதியை ஒரு வரியில சொல்லிடறேன். அவங்கவங்க தடத்துல ஓடுற ரேஸ்ல, வளைவுல உள்பக்கக் கோட்டை ஒரு தடவை மிதிச்சா இப்பல்லாம் போனாப் போகுதுன்னு விட்டுடறாங்க. மறுபடி மிதிச்சா வெளியே. மிதிச்சதைப் பார்க்கிற அம்பயர் உடனே மஞ்சள் கொடியைத் தூக்கணும். பழைய மண் டிராக்கா இருந்தா கவலையே இல்ல, சுண்ணாம்புக் கோட்டுல காலடி பதிஞ்சிருக்கும், யாரு வேணா வந்து பார்த்துக்கலாம். சிந்தடிக்ல ஒன்னும் பதியாது. பார்த்தவன் கண்ணு மட்டும்தான்.

துப்பாக்கி வெடிச்சுது. மோனிஷா அன்னைக்கு ஓடின மாதிரி அதுக்கு முன்னாடி ஓடினதில்ல. முதல் வளைவுல பின்தங்கி இருந்தவ, எதிர்ப்பக்க நேர் ஓட்டத்துல ஒவ்வொருத்தியா தாண்டி, என்கிட்ட வரும்போது ரெண்டாவது. எனக்குச் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்லணும். ஆனா களைச்சுப் போற உடம்பு வளைவுல உள்பக்கமாத்தான் சாயும். அவளும் சாய்ஞ்சா. இடது கால் கோட்டு மேல. சரி, ஒன்னு, போகட்டும்னு மனசுக்குள்ள சொன்னேன். சொல்லி முடிக்கல, மறுபடியும் அதே கால், கோட்டு மேல முழுசா.

என் கை தானா மேல போயிடுச்சு. நான் யோசிச்சுத் தூக்கினேன்னு நினைக்காதீங்க. அத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தூக்கின கை. அதுக்கு யார் பொண்ணுன்னு தெரியாது.

அவ ரெண்டாவதாவே போய் முடிச்சா. அங்க கேலரி பக்கம் எங்க பிள்ளைங்க கத்துறாங்க, மோனிஷா மல்லாந்து படுத்துக் கிடக்கா. இங்க நான் கொடியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். அடுத்த இடத்துல நின்ன அம்பயர் புதுப் பையன். அவர் எதுவுமே பார்க்கல. தன் காலேஜ் பொண்ணையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கார், ஓடாத குறைதான்.

தலைமை அம்பயர் நடந்து வந்தார். எந்தத் தடம்னு கேட்டார், நாலுன்னேன். யாரு ஓடினதுன்னு அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணிச்சுக்கிட்டு, "ஒரு தடவைதானே? ஒரு தடவைன்னா கொடியை இறக்கிடு, நான் எழுதாம போயிடறேன்"ன்னார்.

"ரெண்டு தடவை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா."

"யோசிச்சா ஒன்னாயிடும். அதனாலதான் யோசிக்காமச் சொல்றேன்."

அவர் எழுதிக்கிட்டுப் போனார். அவரைக் கெட்டவர்னு நினைக்காதீங்க. எனக்கு நல்லது பண்ணத்தான் வந்தார். நெருக்கடி நேரத்துல உங்களைத் தடுமாற வைக்கிறவங்க பெரும்பாலும் உங்க மேல பிரியம் வெச்சிருக்கிறவங்களாத்தான் இருப்பாங்க. எதிரியா இருந்தா சமாளிச்சிடலாம்.

மைக்ல சொல்லிட்டாங்க. நாலாவது தடம் தகுதி நீக்கம், மூணாவதா வந்த பொண்ணு ரெண்டாவது. அதைக் கேட்டதும் கேலரியில இருந்து ஒரு அம்மா இறங்கி வந்தாங்க. மோனிஷாவோட அம்மா. பொண்ணு ஓடுறதை ஒரு நாளாவது பார்க்கணும்னு கம்பெனில லீவு போட்டுட்டு முதல் தடவையா வந்திருந்தாங்க. நான் கொடியைப் பக்கத்துல இருந்த பையன்கிட்ட கொடுத்துட்டு, தலைமை அம்பயர்கிட்ட சொல்லிட்டு, அவங்களை நோக்கிப் போனேன். கொடி தூக்குறதோட அம்பயர் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் கோச் வேலைன்னு ஒன்னு இருக்கு, அது அங்கதான் ஆரம்பிக்குது. தூக்கிட்டு வேற பக்கம் பார்த்து நின்னுக்கிட்டு இருக்காதீங்க.

"இன்னா சார் இது?"ன்னாங்க. "எம் பொண்ண ஓட வெச்சதும் நீ, இப்ப வெளிய தள்ளுனதும் நீயா? யார் யாரோ நிக்கிறாங்க, ஒருத்தரும் தூக்கல. நீ ஒருத்தன்தான் தூக்குன. உனக்கு அது மேல இன்னா கோவம்?"

"கோவம் ஒன்னும் இல்லம்மா. கோட்டை மிதிச்சிட்டா. பார்த்தேன், தூக்கினேன்."

"மிதிச்சா இன்னா சார், கோடுதான, பாம்பா?"

மோனிஷா எழுந்து வந்தா. முகமெல்லாம் சிவந்து, உதடு வறண்டு இருந்துச்சு. அம்மா அவளைப் பிடிச்சு, "நீ சொல்லுடி. எத்தினி தபா மிதிச்ச?"ன்னு கேட்டாங்க. அவ என்னைப் பார்க்காம, "ஒரு தபாதாம்மா"ன்னா.

"பாரு சார், ஒரு தபாதான்னு சொல்லுது. ஒரு தபான்னா உட்டுருவாங்கன்னு பசங்க சொல்லிகினு இருக்குதுங்க. இத்த கேக்க ஆளே இல்லியா? யாராண்ட எழுதிக் குடுக்கணும்?"

பக்கத்துல நின்ன எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தி மெதுவா சொன்னா, "அப்பீல் கமிட்டி இருக்காங்க ஆன்ட்டி. ஆனா டீம் மேனேஜர்தான் எழுதிக் கொடுக்கணும்."

"யாரு மேனேஜரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அந்தம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க.

இப்ப கேளுங்க. நான் மறுத்திருக்கலாம். "நானே தூக்கின கொடிம்மா, நானே எதிர்த்து எழுதினா ஊரே சிரிக்கும்"னு சொல்லியிருந்தா யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா மேனேஜரோட கையெழுத்து மேனேஜருக்குச் சொந்தமில்ல. ஓடுற பிள்ளைக்கு அங்க போய்ப் பேச முடியாதுன்னுதான் அந்த இடத்துல நம்மளை வெச்சிருக்காங்க. அவ ஒரு தடவைன்னு சொல்றா. நான் ரெண்டுன்னு சொல்றேன். நான் சொல்றதைக் கேட்க ஆள் இருக்கு, அவ சொல்றதையும் கேட்கட்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரம் முடியறதுக்குள்ள கொண்டு போய்க் கொடுத்தேன்.

அப்பீல் கமிட்டி கேலரிக்கு அடியில ஒரு ரூம்ல உட்கார்ந்திருந்துச்சு. மூணு பேர், எல்லாரும் நம்ம தொழில்ல பழுத்த ஆளுங்க, மேஜை மேல மோர் டம்ளர். நடுவுல இருந்த பெரியவர் பேப்பரைப் படிச்சுட்டுக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "யோவ், வாதியும் நீ, சாட்சியும் நீயா? இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் எங்கிட்ட வந்ததில்ல"ன்னார். மத்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

வீடியோ ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. கதவாண்ட நின்னுக்கிட்டிருந்த அந்தம்மா, "என் போன்ல கீது சார், ஸ்டார்ட்லருந்து கடைசி வரிக்கும் எடுத்துகீறேன்"ன்னு ஓடி வந்து கொடுத்தாங்க. மூணு பேரும் தலையை ஒன்னாச் சேர்த்துப் பார்த்தாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நல்லா பெருசாக்கி எடுத்திருந்தாங்க. திரை முழுக்க மோனிஷாவோட முகம். பல்லைக் கடிக்கிறா, மூச்சு விடறா, முடி கண்ணுல விழுது. பின்னால "ஓடு, ஓடு, ஓடுடி"ன்னு அம்மா குரல். கால் எங்கயுமே இல்ல.

பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்து, "அம்மா, இதுல கால் விழலையே"ன்னார்.

"எம் பொண்ணு மூஞ்சிய பாக்கத்தான சார் வந்தேன், கால யாரு எடுப்பா?"ன்னாங்க அந்தம்மா.

யாரும் சிரிக்கல. பெரியவர் என்கிட்ட திரும்பினார். அவர் கேட்ட விதத்தைத்தான் நீங்க கவனிக்கணும்.

"இந்தாப்பா. வேற சாட்சி இல்ல. வீடியோவும் இல்ல. நீ பார்த்ததுதான் எல்லாம். உன்னை நான் பொய் சொல்லச் சொல்லல. ரெண்டாவது தடவை கோட்டு மேல பட்டுச்சா, கோட்டை ஒட்டிப் பட்டுச்சான்னு உனக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தா சொல்லு. சந்தேகம்னு வந்துட்டா பலன் அந்தப் பொண்ணுக்குத்தான். இருக்கா?"

பாருங்க, எவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்துட்டார். ஒன்னுன்னு பொய் சொல்ல வேண்டியதில்ல. 'சந்தேகம்'னு ஒரு வார்த்தை போதும். சந்தேகப்படுறது பாவமா? அந்தப் பொண்ணுக்கு வேலைக்கு விண்ணப்பம் போட வழி கிடைச்சிடும், அந்தம்மா தையல் மிஷினை விட்டு எழுந்திருப்பாங்க, என் காலேஜுக்கும் பேர். எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். அந்த மூணாவதா வந்த பொண்ணைத் தவிர. அவ யாரு, எந்த ஊரு, அவளுக்கு யாரு லீவு போட்டுட்டு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அவ அவளோட தடத்துல ஒழுங்கா ஓடினா, அது மட்டும் தெரியும்.

"சந்தேகம் இல்ல சார். ரெண்டு தடவை"ன்னேன்.

பெரியவர் பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், அப்பீல் தள்ளுபடி. கதவாண்ட நின்ன அந்தம்மா என் காதுல விழுற மாதிரி, "நல்லா இரு சார்"ன்னாங்க. அது வாழ்த்து இல்லைன்னு உங்களுக்கே தெரியும். போனைப் பையில போட்டுக்கிட்டு விடுவிடுன்னு வெளியே போயிட்டாங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். நேர்மையா இருந்தேன்னு பெருமை அடிச்சுக்கிற கதை ஊர்ல நிறைய கிடக்கு. நான் சரியானதைச் செஞ்சேன், அதுக்கப்புறம் நல்லது எதுவும் நடக்கல. அந்த சர்டிபிகேட் அவளுக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கல. மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டு, "நம்ம பொண்ணுக்கே ஏன் சார்?"னு கேட்டார். நியாயமா இருந்தா நன்மை தேடி வரும்னு உங்ககிட்ட யாராவது பேசினா கையைக் கட்டிக் கேட்டுட்டு, மைதானத்துக்கு வந்ததும் மறந்துடுங்க. நன்மை வரும்னு கொடி தூக்குறவன், வராதுன்னு தெரிஞ்சா கொடியை இறக்கிடுவான்.

அன்னைக்கு இன்னும் தொடர் ஓட்டம் மிச்சம் இருந்துச்சு. எங்க டீம்ல மோனிஷாதான் கடைசியா ஓட வேண்டிய ஆளு. ஓடுவாளா, அம்மாவோட கிளம்பிட்டாளான்னு தெரியாம தேடிக்கிட்டுப் போனேன். கேலரிக்குப் பின்னால தண்ணி டேங்க் பக்கம் தனியா உட்கார்ந்து ஸ்பைக்ஸ் ஷூ மாட்டிக்கிட்டு இருந்தா. அம்மா வெளியே கேட்டாண்ட நிக்கிறாங்கன்னு சொன்னா. நான் பக்கத்துல உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாது எனக்கு, தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் வராது.

"கமிட்டில இன்னா சார் சொன்னீங்க?"ன்னா.

"ரெண்டு தடவைன்னு சொன்னேன்."

ஒரு கால் லேஸைக் கட்டி முடிச்சா. அடுத்த காலை எடுத்து வெச்சா. குனிஞ்ச தலை நிமிரல.

"மூணு சார்"ன்னா. "நீங்க கொடிய தூக்குறப்ப இன்னொன்னு மிதிச்சேன். அத்த நீங்க பாக்கல."

பொய் சொன்னியேன்னு நான் திட்டல. அந்த வயசுல, அந்த இடத்துல, அம்மா அப்படிப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா நான் இன்னும் பெரிய பொய்யாச் சொல்லியிருப்பேன். பிள்ளைங்க உங்ககிட்ட ஒரு நாள் உண்மையைச் சொல்லுவாங்க. அது நீங்க கேட்ட நேரத்துல வராது. வர்ற நேரத்துல வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரிஞ்சா போதும்.

லேஸை இழுத்து முடிச்சுப் போட்டுட்டு எழுந்தா. ரெண்டு அடி போயிட்டுத் திரும்பி வந்தா. "சார், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் ஒரு தபான்னு சொன்னத நம்பித்தான் அது அவ்ளோ பேர்கிட்ட சண்ட போட்டுது."

"சொல்லல. போ, கூப்பிடறாங்க"ன்னேன்.

தொடர் ஓட்டத்துல நாங்க நாலாவது. அவ நல்லாத்தான் ஓடினா. பட்டம் வாங்கினப்புறம் எஸ்டேட்ல ஒரு ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தா, இன்னும் அங்கதான் இருக்கா. ஞாயித்துக்கிழமை காலையில அயனம்பாக்கம் ஏரிக்கரையில ஓடுறதைப் பார்த்திருக்கேன். என்னைப் பார்த்தா நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவா.

அந்தம்மா பேசறதில்ல. அண்ணனூர் ஸ்டேஷன்ல சில நாள் எதிர்ல வருவாங்க, சாப்பாட்டுப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்குவாங்க. ஒரு தடவை பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, "இந்த ஆளுதான், எம் பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டது"ன்னு காட்டினாங்க. நின்னு, 'மூணு தடவைன்னு உங்க பொண்ணே என்கிட்ட சொன்னா'ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னா அந்தக் கோபம் அந்த நிமிஷமே என்னை விட்டுப் போயிடும். என்னை விட்டுப் போனா அது நேரா வீட்டுக்குத்தான் போகும். அந்த வீட்ல ரெண்டே பேர்தான் இருக்காங்க. அதனால வணக்கம் வெச்சுட்டு ரயில் ஏறிட்டேன்.